திகன மரக்காலையில் கிடைத்த பல்சக்கரம்

தம்பி,

இன்று காலை பக்கத்து வீட்டில் குழந்தைக்கு விளக்கெண்ணெய் கொடுத்தார்கள். குழந்தை கையை உதறியதில் கரண்டி தட்டி, எண்ணெய் மதிலோரமெல்லாம் சிந்திவிட்டது. வெயில் ஏறியதும் அந்த வாசனை இந்தப் பக்கம் வந்தது. நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். ஒரு நிமிடம், நீ கொல்லையில் உட்கார்ந்து கிளட்ச் தோலுக்கு எண்ணெய் தேய்க்கிறாய் என்றே நினைத்துவிட்டேன். "கையக் கழுவிட்டுச் சாப்பிட வா" என்று சொல்ல வாய் திறந்தும் விட்டேன்.

உன் வண்டியில் கிளட்ச் என்பது தோல் சுற்றிய ஒரு கூம்புதானே. தோல் காய்ந்தால் வண்டி முரட்டு மாடு மாதிரிக் குதிக்கும். அதனால் வாரம் தவறாமல் எண்ணெய் தடவுவாய். "பிள்ளைக்குக் குடுக்கிற எண்ணெய வண்டிக்குக் குடுக்கிறான்" என்று அம்மா அலுத்துக்கொள்வாள். உன் சட்டை, உன் தலையணை, படம் பிடிக்கும்போது தலையில் போர்த்திக்கொள்ளும் கறுப்புத் துணி, எல்லாவற்றிலும் அந்த வாசனைதான். நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. அந்த வாசனை இன்னும் வீட்டில் இருப்பதாகவே எண்ணியிருந்தேன். அது எப்போதோ போய்விட்டது என்பது, மறுபடி வந்தபோதுதான் தெரிந்தது.

நீ அந்த வண்டியைக் கொண்டுவந்த நாள் நினைவுக்கு வந்தது. சீமைக்குத் திரும்பிப் போன ஒரு துரை விட்டுவிட்டுப் போன சாமான்களில் அதுவும் ஒன்று. ஜெர்மன்காரனோடு நடந்த பெரிய சண்டைக்கு முன்னால் செய்த பந்தய வண்டி. இரண்டே பேர் உட்காரலாம். நீண்ட மூக்கு, கூம்பிய வால், மேலே கூரை கிடையாது. பச்சை வண்டி என்று நீ சொன்னாய். எனக்குத் துருவின் நிறம்தான் தெரிந்தது. கண்டிக் கட்டுக்கலையில் நம் வீட்டு வாசலில் அது புகையைக் கக்கிக்கொண்டு நின்றபோது தெருவே கூடிவிட்டது. செய்த கம்பெனி மூடிப்போய்விட்டது, ஒரு ஆணி உடைந்தாலும் மாற்று கிடைக்காது என்று விஷயம் தெரிந்த யாரும் தொடாத வண்டி அது. அதனால்தான் உன் கைக்கு எட்டியது.

"ஏண்டா, படம் பிடிக்கிறவனுக்குப் பந்தய வண்டியா?" என்று கேட்டேன்.

நீ என்னைக் கிட்டே கூப்பிட்டு ஸ்டியரிங் சக்கரத்தைக் காட்டினாய். அதன் நடுவில் ஒரு சின்னப் பித்தளைப் பிடி. அதைத் தள்ளினால் எஞ்சின் வேகம் கூடும், இழுத்தால் குறையும். பிரேக்கும் வெளியே, கை எட்டும் இடத்தில்.

"பாத்தியாக்கா, வலது காலுக்கு இதுல வேலையே இல்ல."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. சின்ன வயசில் வந்த காய்ச்சல் சூம்ப வைத்துவிட்டுப் போன கால் அது. அதைப் பார்த்துவிட்டு, உனக்கு வண்டியெல்லாம் சரிவராது என்று எத்தனை பேர் சொல்லியிருந்தார்கள்! கண்டியில் ஓடிய மற்ற வண்டிகளையெல்லாம் நீ ஏறி உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தாய். உன் உடம்புக்கு ஒத்துவந்தது இது ஒன்றுதான். அன்றைக்குப் பிறகு அந்த வண்டியைப் பற்றி நான் ஒரு குறையும் சொன்னதில்லை. துருவைத் தவிர.

அப்போது நான் புருஷனை இழந்து வீட்டுக்குத் திரும்பி வந்திருந்த புதிது. வீட்டுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தவளை நீதான் வண்டியில் ஏற்றினாய். "தேயிலைத் தோட்டத்துப் பொம்பளைங்க நான் நிமிரச் சொன்னா குனிஞ்சுக்கிறாங்க. நீ வந்து நேரா நிறுத்து" என்றாய். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் புறப்படுவோம். உன் பக்கத்தில் நான், என் மடியில் கண்ணாடித் தகடுகள் வைத்த பெட்டி, பின்னால் வாலில் கயிறு போட்டுக் கட்டிய முக்காலி. தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்து முற்றத்தில் பாயை விரித்துக் கட்டிவிட்டால் அதுதான் நம் ஸ்டூடியோ. இந்தியாவில், ஊரில் இருக்கும் சொந்தங்களுக்கு அனுப்புவதற்காக வரிசை வரிசையாக வந்து நிற்பார்கள். நான் பெண்களின் முந்தானையைச் சரிசெய்து, குழந்தைகளின் மூக்கைத் துடைத்து நிறுத்துவேன். நீ கறுப்புத் துணிக்குள் நுழைவாய். பன்வில பக்கத்துத் தோட்டங்களில் உன்னை "ரேஸ்காரு தம்பி" என்று கூப்பிடுவார்கள். தெருவில் என்னைப் பற்றி என்ன பேசினார்கள் என்று உனக்குத் தெரியும். நீயும் காது கொடுக்கவில்லை, நானும் கொடுக்கவில்லை.

அப்புறம் தேயிலை விலை விழுந்தது. தோட்டங்களில் ஆட்களைக் குறைத்தார்கள். பெயர் வெட்டப்பட்டவர்களை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பினார்கள். ஒரே வீட்டில் ஒருவர் போக, ஒருவர் நிற்க என்றாகிவிட்டது. அதுவரை ஊருக்கு அனுப்பப் படம் எடுத்தவர்கள், இப்போது ஒருவர் முகத்தை ஒருவர் வைத்துக்கொள்ளப் படம் கேட்டார்கள். அந்த வருஷம் நமக்கு வேலை அதிகம். ஆனால் திரும்பி வரும் வழியில் நாம் இரண்டு பேரும் பேசிக்கொள்வது குறைந்துபோனது.

முனியாண்டியை நீ மறந்திருக்க மாட்டாய். பன்விலைக்கு மேலே உள்ள தோட்டத்தில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவர். அவர், பெண்சாதி, இரண்டு பையன்கள், எல்லோருக்கும் பெயர் வெட்டியாகிவிட்டது. மூத்த மகள் செல்லம்மா மட்டும் கல்யாணமானவள். அவள் புருஷன் பெயர் தோட்டத்து ஆட்பதிவான செக்ரோலில் இருந்ததால் அவள் இங்கேயே நிற்க வேண்டும். அப்போது அவள் நிறைமாதம்.

"பேரப்பிள்ள பொறந்ததும் எல்லாருமா சேந்து ஒரு படம் புடிச்சுக் குடுங்க தம்பி. அதக் கையில எடுத்துக்கிட்டுத்தான் நான் கப்பல் ஏறுவேன்" என்றார் முனியாண்டி.

"நீங்க பொறப்படறதுக்கு முன்னாடி வந்துடறேன்" என்று நீ சொன்னாய். சொன்ன கையோடு வண்டியை எடுத்தாய். வத்துகாமத்துக்கு வருவதற்குள், ஒரு சின்ன மேட்டில், பின்னாலிருந்து கல்லை மென்றது போல ஒரு சத்தம். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, வண்டி நகரவில்லை. நீ சாலையிலேயே படுத்து, பின்சக்கரங்களைச் சுழற்றும் பின்னச்சைத் திறந்து பார்த்தாய். உள்ளே பெரிய பல்சக்கரம் ஒன்று, அதைச் சுழற்றும் சின்னப் பல்சக்கரம் ஒன்று. சின்னதைப் பினியன் என்பார்கள். அதில் பாதிப் பற்கள் உதிர்ந்திருந்தன. பெரியதிலும் சில பற்கள் போயிருந்தன. இரட்டை மாடு கட்டி வண்டியை வீட்டுக்கு இழுத்துவந்தோம். வழியெல்லாம் நீ ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, மாடுகளின் வாலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய்.

கண்டியில் இருந்த கராஜில் யாழ்ப்பாணத்து மேஸ்திரி ஒருவர் பினியனைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்தார். "உதுக்கு இனிச் சாமான் வராது தம்பி. சீமையிலை புதுசாய் வெட்டுவிக்கலாம். அந்தக் காசுக்கு நீர் வேறை கார் ரெண்டு வாங்கலாம். பேசாமல் இதை இரும்புக்குப் போட்டுவிடும்" என்றார். நல்ல மனிதர்தான். ஆனால் வேறு காரில் உன்னால் என்ன செய்ய முடியும் என்று அவருக்குத் தெரியாது. வெளியே வந்ததும் நீ சொன்னாய்: "இல்லேன்னு சொல்றவர்கிட்ட இல்ல. அவ்வளவுதான்க்கா."

பிறகு ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் பழக்கமான ஃபிட்டரைப் பிடித்து, பழைய இரும்பில் ஒரு பினியனை வெட்டவைத்தோம். பார்க்க அழகாக இருந்தது. பூட்டிக்கொண்டு போய் வீட்டுக்குப் பின்னால் உள்ள மேட்டில் ஏறினோம். பாதி மேட்டில் மறுபடி அதே சத்தம். மெத்தென்ற இரும்பு; பற்கள் மெழுகு மாதிரி மடிந்து கிடந்தன. நீ கோபத்தில் ஊன்றுகோலைச் சாலையில் வீசினாய். நான் போய் எடுத்துவந்து கொடுத்தேன். இரண்டு பேரும் சேர்ந்து வண்டியைப் பின்னோக்கி உருட்டிக்கொண்டு வந்தோம்.

நான் தனியாகப் பஸ்ஸில் போகிறேன் என்று சொன்னேன். பன்வில வரைக்கும் பஸ் போகும். அதற்கு மேல் தோட்டத்துக்கு ஏறுவது உன்னால் முடியாது, என்னால் முடியும். ஆனால் எனக்கு அந்தப் பெட்டியின் மூடியைத் திறக்கக்கூடத் தெரியாது. அதை நீ சொல்லவில்லை. நானே யோசித்துப் பார்த்து வாயை மூடிக்கொண்டேன்.

அடுத்த நாளிலிருந்து தேடுகிற வேலையை நான் எடுத்துக்கொண்டேன். உடைந்த பினியனைப் பழைய சேலைத் துணியில் சுற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு கிளம்பினேன். பேராதனை, கம்பளை, மடவளை என்று பஸ் போகிற இடமெல்லாம் போனேன். லொறிக்காரர்கள், கொல்லர்கள், பழைய இரும்பு எடுப்பவர்கள், யாரைக் கண்டாலும் துணியைப் பிரித்துக் காட்டி, "இந்த மாதிரிப் பல் எங்கயாவது பாத்திருக்கீங்களா?" என்று கேட்டேன். சிலர் சிரித்தார்கள். ஒருவர், வீட்டில் ஆம்பிள்ளை இல்லையா என்று கேட்டார். "இருக்கான். அவனுக்குத்தான் தேடறேன்" என்றேன்.

கெலிஓயாவில்தான் வழி பிறந்தது. அங்கே சாலையோரம் பழைய இரும்புக் கடை ஒன்று. மழையில் நனைந்து கிடந்த லொறி எலும்புகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்த கடைக்காரர் பினியனை வாங்கி, பற்களை விரலால் தடவினார்.

"இது ரேஸ் வண்டிப் பல்லுல்ல? இதோட ஜோடி வண்டி ஒண்ணு முன்னாடி பள்ளத்துல விழுந்துச்சு. ரெண்டு துரைமாரும் ஒரே கப்பல்ல எறக்கின வண்டிங்க. விழுந்தத நான்தான் வாங்கினேன். எஞ்சின உருக்கக் குடுத்துட்டேன். பின்னச்ச திகனயில ஒரு மரக்காலைக்கு வித்தேன். அங்க மரம் இழுக்குது, போய்ப் பாருங்க தங்கச்சி."

அன்று வீட்டுக்கு ஓடிவந்து சொன்னபோது உன் முகம் எப்படியிருந்தது என்று நீ பார்த்திருக்க வேண்டும்.

அடுத்த பஸ்ஸில் இரண்டு பேரும் திகனவுக்குப் போனோம். மகாவலிப் பக்கம் சரிந்து போகும் நிலத்தில் அந்த மரக்காலை. மேலே மரம் அறுக்கும் கொட்டகை, கீழே பள்ளத்தில் வெட்டிப் போட்ட மரங்கள். கொட்டகை ஓரத்தில் இரண்டு தூண்களுக்கு நடுவே நம் வண்டியின் பின்னச்சு மாதிரியே ஒன்று பூட்டியிருந்தது. ஒரு பக்கச் சக்கரத்தை அசையாமல் கட்டிவிட்டு, மறுபக்கத்தில் மர உருளை வைத்துக் கயிறு சுற்றியிருந்தார்கள். முன்னால் பெரிய கைப்பிடி. இரண்டு பேர் அதைச் சுற்ற, பள்ளத்திலிருந்து ஒரு தேக்கு மரம் மெல்ல மேலே வந்தது. உள்ளே பற்கள் ஒன்றோடொன்று பொருந்திச் சுழலும் சத்தத்தைக் கேட்டு நீ கண்ணை மூடிக்கொண்டாய். ஒரு பல்லும் போகவில்லை என்று என் காதில் சொன்னாய்.

முதலாளி வந்து நம்மைக் கதிரையில் உட்காரச் சொன்னார். வெள்ளைத் தொப்பி, நரை விழுந்த தாடி, மரத்தூள் படிந்த கைகள். விஷயத்தைச் சொன்னதும் முடியாது என்று தலையை ஆட்டினார்.

"ஏலா தம்பி. இது ஈக்கிறதாலதான் எங்கட வேலை ஓடுது. இத கழட்டித் தந்துட்டு நான் மரத்த பல்லாலயா இழுக்கிற?"

நீ பொறுமையாகப் பேசியிருக்கலாம். பேசவில்லை. அண்ணன் முறையாக 'நானா' என்று கூப்பிட்டுவிட்டு, "பந்தயத்துல ஓடின வண்டி இது, நானா. அதப் போய் மரம் இழுக்க விட்டிருக்கீங்களே, இதோட அருமை தெரியுமா?" என்றாய்.

அவர் எழுந்துவிட்டார். "ஒங்களுக்கு அது வண்டி. எங்களுக்கு அது சோறு. நீங்க போயிட்டு வாங்க" என்றார். குரல் உயரவில்லை. அதனால் இன்னும் சுருக்கென்று தைத்தது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நீ ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாய். "போச்சுக்கா" என்று ஒரே ஒரு வார்த்தை. வீட்டுக்கு வந்தால், பன்விலைக் கங்காணி ஆள் மூலம் சொல்லி அனுப்பியிருந்தார்: செல்லம்மாவுக்கு ஆண் குழந்தை, முனியாண்டி குடும்பம் அடுத்த வாரம் வியாழக்கிழமை காலையில் புறப்படுகிறது. அதைக் கேட்டுவிட்டு நீ சாப்பிடாமல் படுத்துவிட்டாய்.

மறுநாள் உன்னிடம் சொல்லாமல் நான் மட்டும் திகனவுக்குப் போனேன். முதலாளியைத் தேடவில்லை. கொட்டகைக்குப் பின்னால் இருந்த வீட்டு வாசலில் நின்று குரல் கொடுத்தேன். அவர் பெண்சாதி கதவுத் திரையை விலக்கிப் பார்த்தார். அம்மா வயது இருக்கும்.

"நேத்து வந்த புள்ளட சகோதரியா? வாங்க மகள், உள்ளுக்கு வந்து இரிங்க."

தேத்தண்ணி கொடுத்தார். நான் வாங்கிக் குடித்தேன். உன் காலைப் பற்றிச் சொன்னேன், முனியாண்டிக்கு நீ சொன்ன வாக்கைப் பற்றிச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். அப்போது வெளியே கயிறு சரசரவென்று ஓடும் சத்தமும் ஆட்கள் கத்துவதும் கேட்டது. கையிலிருந்த கிண்ணத்தை அப்படியே வைத்துவிட்டு, திரை ஓரமாக ஓடிப்போய் எட்டிப் பார்த்தார். யாருக்கும் ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகுதான் திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"மழ நாள்ல கைப்புடி வழுக்கினா மரம் திரும்பக் கீழ ஓடிரும் மகள். போன வருஷம் அப்பிடி ஓடித்தான் எங்கட கொழுந்தன்ட கை நசுங்கிப் போச்சு. அதுக்குப் பொறகு மழ பேஞ்சா இவர் வேற யாரையும் புடிக்க விடமாட்டார். தானே நிண்டு புடிப்பார். அந்தச் சத்தம் கேட்டா எனக்கு நெஞ்சு அடச்சுப் போகுது."

"பின்னாடி ஓடாத மாதிரி ஒண்ணு செஞ்சு குடுத்தா?" என்று கேட்டேன். எப்படிச் செய்வது என்று எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியும் என்று மட்டும் தெரியும்.

அவர் என் கையைப் பிடித்தார். "செஞ்சு தாங்க. அவர்ட்ட நான் பேசுறேன்" என்றார்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். என்னைத் திட்டுவாய் என்று எதிர்பார்த்தேன். நீ எழுந்து உட்கார்ந்தாய். "மரம் பின்னாடி ஓடுதா?" என்று கேட்டாய். "அத நான் ஏன் பாக்கல? நான் பல்ல மட்டும்தான பாத்துக்கிட்டு நின்னேன்" என்றாய். அப்புறம் சோறு கேட்டாய்.

அதன்பிறகு நீ ஒரு நாளையும் வீணாக்கவில்லை. கெலிஓயாக் கடையில் லொறிப் பின்னச்சுகள் குவிந்து கிடந்தன. தோட்டங்களில் வேலை குறைந்ததால் லொறிகளும் படுத்துவிட்ட காலம். அவற்றைத் தேடுவார் இல்லை. நம் வண்டிக்கு அது உதவாது, ஆனால் மரம் இழுக்க மரக்காலையில் இருப்பதைவிட நல்லது, பாதிப் பலத்தில் இழுக்கும், இதைக் கொடுத்து அதை மாற்றிக்கொள்ளலாம் என்றாய். கடைக்காரர் அதை ஏறக்குறையச் சும்மாவே கொடுத்தார். பதிலுக்கு அவர் கேட்டது, தன் இரும்புக் குவியலுக்கு முன்னால் கோட்டுப் போட்டுக்கொண்டு ஒரு படம். நீ சிரிக்காமல் எடுத்துக் கொடுத்தாய். அச்சை மாட்டுவண்டியில் ஏற்றித் திகனவுக்குக் கொண்டுபோனோம்.

முதலாளி கொட்டகை வாசலில் நின்றிருந்தார். நீ ஊன்றுகோலை அக்குளில் இடுக்கிக்கொண்டு இறங்கி அவர் முன்னால் போய் நின்றாய். நீ யாரிடமும் பணிந்து பேசி நான் பார்த்ததில்லை.

"நானா, அன்னைக்கு என் வண்டியப் பத்தி மட்டும் பேசினேன். அது பிழை. இன்னைக்கு உங்க மரத்தப் பத்திப் பேச வந்திருக்கேன்."

அவர் உன்னையும் வண்டியில் இருந்த அச்சையும் மாறி மாறிப் பார்த்தார். "பேசுங்க" என்றார்.

நம் வண்டியின் பெரிய பல்சக்கரத்தை, சில பற்கள் போன அதையே, நீ கையோடு கொண்டுபோயிருந்தாய். மிஞ்சிய பற்களை ஒரு பக்கம் சாய்வாக அராவி, கைப்பிடி பூட்டும் தண்டில் இறுக்கினாய். அதன்மேல் ஒரு இரும்பு நாக்கு. முன்னால் சுற்றினால் நாக்கு ஒவ்வொரு பல்லாகத் தாவிக்கொண்டே போகும். பின்னால் போகப் பார்த்தால் பல்லில் மாட்டி நின்றுவிடும். தரையில் உட்கார்ந்தபடியேதான் எல்லா வேலையும் செய்தாய். உன் பக்கத்தில் குந்தி ஆணியும் திருகு சாவியும் எடுத்துக் கொடுத்தது முதலாளியேதான். வேலை நடுவே அவர் தொழப் போய் வருவார், வந்ததும் "இப்ப எது?" என்று கேட்டுக்கொண்டு குந்துவார். உள்ளேயிருந்து நம் இருவருக்கும் சோறு வரும்.

எல்லாம் பூட்டியதும், கிடந்ததிலேயே பெரிய பலா மரத்தைக் கயிற்றில் கட்டச் சொன்னார் அவர். ஆட்களை விலக்கிவிட்டுத் தானே கைப்பிடியைப் பிடித்தார். தனி ஆளாகச் சுற்றினார். மரம் ஏறியது. டக், டக் என்று நாக்கு விழுந்துகொண்டே வந்தது. பாதிச் சரிவில் மரம் தொங்கும்போது, யாரிடமும் சொல்லாமல் இரண்டு கைகளையும் எடுத்துவிட்டார். ஆட்கள் கத்தினார்கள். நான் உன் தோளைப் பிடித்துக்கொண்டேன். கயிறு ஒருமுறை முறுகியது. மரம் நின்ற இடத்திலேயே நின்றது.

வீட்டுத் திரைக்குப் பின்னாலிருந்து "அல்ஹம்துலில்லாஹ்" என்று ஒரு குரல். முதலாளி முகத்தைத் தோள் துண்டால் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு, கழற்றி வைத்திருந்த பழைய பின்னச்சைக் காட்டினார்.

"எடுத்துக்கிட்டுப் போங்க தம்பி. ஒங்கட ஆக்கள் காத்துக்கிட்டு ஈப்பாங்க."

புதன்கிழமை மாலையில் அந்தப் பல்சக்கரங்கள் இரண்டும் நம் வண்டிக்குள் போயின. வியாழன் விடியலில் புறப்பட்டோம். கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் பனி. வத்துகாமத்தைத் தாண்டி, வண்டி நின்றுபோன அந்த மேடு வந்தபோது நான் மடியிலிருந்த பெட்டியை இறுகப் பிடித்துக்கொண்டேன். நீ பித்தளைப் பிடியை இன்னும் கொஞ்சம் தள்ளினாய். வண்டி ஒரு முனகலோடு ஏறியது. பன்வில தாண்டிய பிறகு ஏற்றம் இன்னும் செங்குத்து. உன் நெற்றியில் வியர்வை வழிந்தது, அந்தக் குளிரில்.

தோட்டத்துக்குப் போகும் வளைவிலேயே அவர்களைக் கண்டோம். தலையில் மூட்டைகளோடு இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். முனியாண்டி முன்னால், கையில் ஒரு தகரப் பெட்டி. பையன்கள் இரண்டு பேரும் புதுச்சட்டை போட்டிருந்தார்கள். செல்லம்மா குழந்தையைப் போர்த்தித் தூக்கிக்கொண்டு, வழியனுப்ப அந்த வளைவு வரைக்கும் வந்திருந்தாள். வண்டிச் சத்தம் கேட்டு எல்லோரும் நின்றார்கள்.

"வரமாட்டீங்கன்னு நெனச்சுட்டோம் தம்பி" என்றார் முனியாண்டி.

"வர்றேன்னு சொன்னேன்ல" என்றாய் நீ. குரல் உடைந்துவிட்டது. அதை மறைக்க என்னைப் பார்த்து, "என்னக்கா நிக்கிற, அவங்கள நிறுத்து" என்று அதட்டினாய்.

பாயும் இல்லை, கதிரையும் இல்லை. சாலையோரத்தில், தேயிலைச் செடிகளுக்கு முன்னால் அவர்களை நிறுத்தினேன். மூட்டைகளை ஒதுக்கி வைத்தேன். முனியாண்டியின் பெண்சாதி மகளை ஒட்டி நின்று, அவள் கையைத் தன் முந்தானைக்குள் பிடித்துக்கொண்டார். விடுங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கங்காணி கீழேயிருந்து அவசரப்படுத்தினார். நீ பனி விலகக் காத்திருந்தாய். "சிரிக்க வேணாம். சும்மா இங்க பாருங்க, போதும்" என்றாய். வெளிச்சம் வந்தது. அவர்கள் பார்த்தார்கள். குழந்தை தூங்கியபடியே படத்தில் விழுந்தது.

தகடு கழுவி அச்சுப் போட நேரமில்லாததால், படத்தைக் கையில் எடுத்துக்கொண்டு கப்பல் ஏற முனியாண்டிக்குக் கொடுத்துவைக்கவில்லை. ஊர் விலாசத்தைச் சொல்லிவிட்டுப் போனார். ஒன்றை அங்கே அனுப்பினோம், ஒன்றைச் செல்லம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தோம். அவள் அதை நெஞ்சோடு வைத்துக்கொண்டு நின்றதை நீயும் பார்த்தாய்.

அன்று திரும்பி வரும் வழியிலேயே ஆரம்பித்துவிட்டாய். "நீ ஓட்டக் கத்துக்க. படம் புடிக்கவும் கத்துக்க. எனக்கு ஒரு நாள் முடியாமப் போனா அவங்கள யாரு போய்ப் பாக்கிறது?" நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. ஏரிக்கரைச் சாலையில் எனக்குக் கியர் மாற்றக் கற்றுக்கொடுத்தபோது நீ போட்ட சத்தத்தில் ஜனங்கள் நின்று பார்த்தார்கள். இருட்டறையில் நான் கெடுத்த தகடுகளுக்கு ஒரு குறைவும் இல்லை. ஆனாலும் விடவில்லை நீ. ஏன் அவ்வளவு அவசரப்பட்டாய் என்று பிறகுதான் யோசித்தேன். அப்போதே உன்னை வாட்டிக்கொண்டிருந்த நெஞ்சுச் சளியைப் பற்றி டாக்டர் உன்னிடம் என்ன சொன்னார் என்று நீ எங்களுக்குச் சொன்னதே இல்லை.

நீ போன பிறகு, கருமாதி முடிந்த கையோடு பெரியப்பா வந்து, வண்டியை விற்றுவிடலாம் என்றார். வாங்க ஆளும் வந்தான். அம்மா என்னைப் பார்த்தாள். நான் சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை தனியாகப் பன்விலைக்குப் போனேன். பக்கத்து இருக்கையில் தகட்டுப் பெட்டியை வைத்துக் கயிறு போட்டுக் கட்டியிருந்தேன். லயத்து முற்றத்தில் வண்டியை நிறுத்தியதும் செல்லம்மா ஓடிவந்து, "தம்பி எங்கக்கா?" என்று கேட்டாள். சொன்னேன். அவள் அழுதாள். நானும் அவளோடு கொஞ்ச நேரம் அழுதேன். அப்புறம் எழுந்து முக்காலியை விரித்தேன். அன்று எடுத்த படங்களில் பாதி கெட்டுப்போயிற்று. மறு வாரமே போய் மறுபடி எடுத்தேன்.

இப்போது ரேடியேட்டர் ஒழுகுகிறது. ஈயம் வைத்துப் பார்த்தாயிற்று, நிற்கவில்லை. நாவலப்பிட்டியில் ரயில்வே வேலை செய்து ஓய்வெடுத்த ஒருவர் செம்புக் குழாய்களைப் பிரித்துக் கட்டுவாராம். நாளைக்குப் போய் அவரைப் பார்க்கப்போகிறேன். அவர் முடியாது என்றால் கம்பளையில் இன்னொருவர் இருக்கிறார். அவரும் முடியாது என்றால், வழி நெடுக நிறுத்தித் தண்ணீர் ஊற்றிக்கொண்டாவது போவேன்.

உன் ஞாபகத்துக்காகத்தான் அந்த வண்டியை வைத்திருக்கிறேன் என்று தெருவில் பேசிக்கொள்கிறார்கள். பேசட்டும், தம்பி. உன்னை நினைக்க எனக்கு வண்டி எதற்கு? இந்த மாதம் பன்விலையில் இன்னும் சில வீடுகளில் பெயர் வெட்டியிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று சொல்லியனுப்பியிருக்கிறேன். குளித்துத் தலைவாரி, பிள்ளைகளுக்குச் சட்டை மாட்டிவிட்டு, சாலையைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். நான் போக வேண்டும்.

உன் அக்கா